இரவில் தார் போடுவோர் பத்திரமாக வீடு திரும்ப: கோலாலம்பூர் சாலைப்பணிக்கான முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே வகை வேலையைப் பற்றியது. வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் சாலையில் ஒரு தடத்தை இரவில் மூடி, பழைய தாரைச் சுரண்டி, புதிய பிரிமிக்ஸ் (சூடான தார்க் கலவை) போட்டு, விடிவதற்குள் திறந்துவிடும் வேலை அது. ஜாலான் ஈப்போ, ஜாலான் கூச்சிங், எம்.ஆர்.ஆர். 2 என்று கோலாலம்பூரின் பெரிய சாலைகளில் இது வழக்கமாக நடக்கிறது. சப்-கொன்ட்ரேக்டர் ஒருவர், ஆட்களை மேற்பார்க்கும் ஒரு மண்டோர், பத்துப் பன்னிரண்டு ஆட்கள், அவர்களில் பாதிப்பேர் வங்காளதேசம், நேப்பாளம், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அப்படிப்பட்ட குழுவை நடத்துபவருக்கும் அதில் வேலை செய்பவருக்கும் இது எழுதப்பட்டது.

தலைக்கவசம், பூட்ஸ், வெஸ்ட் எல்லாம் வேண்டியவைதான். ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரியைத் தலைக்கவசம் தடுக்காது. இந்த வேலையில் ஆளைக் காப்பது வரிசை: எதை முதலில் வைப்பது, யார் எங்கே நிற்பது, எதைக் கடைசியில் எடுப்பது. ஆகவே வேலை நடக்கும் வரிசையிலேயே போவோம்.

வேலைக்கு முன்: தாள்களும் ஆட்களும்

ஒவ்வொருவரிடமும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் அட்டை இருக்க வேண்டும்; காலாவதி தேதியையும் பாருங்கள். ஒவ்வொருவரும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் பதிவாகியிருக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்கேசோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அந்தச் சந்தாவை முதலாளிதான் கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. விபத்து நடந்த பிறகு பதிவைத் தேடினால் அடிபட்டவரின் குடும்பம்தான் அலையும்.

1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் மண்டோர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில. 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்களை வைத்திருக்கும் முதலாளி, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். ஆபத்து மதிப்பீடு கட்டாயம். முதலாளியின் கடமை மீறலுக்கு அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதைச் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. பாதுகாப்புக்காகச் சட்டம் கேட்கும் எந்தப் பொருளுக்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது. பூட்ஸ் விலையைச் சம்பளத்தில் வெட்டும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும்.

போக்குவரத்து மேலாண்மைத் திட்டம் சாலையின் பொறுப்பாளரிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இடத்தைப் பொறுத்து அது டி.பி.கே.எல். (கோலாலம்பூர் மாநகர மன்றம்), பொதுப்பணித் துறை அல்லது நெடுஞ்சாலை நிறுவனமாக இருக்கும். அந்தத் திட்டத்தின் வரைபடத்தை அலுவலகக் கோப்பில் பூட்டிவைத்துப் பயனில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு மண்டோர் கையில் இருக்கட்டும்.

பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள்

இரவில் தெரியாதவை பகலில் தெரியும். தலைக்கு மேல் தாழ்வாகத் தொங்கும் கம்பிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டிப்பர் லோரியின் தொட்டி முழுதாக எழும்பும்போது எவ்வளவு உயரம் வரும் என்று ஓட்டுநரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். மேன்ஹோல் மூடிகள், வால்வு மூடிகள் எல்லாவற்றையும் ஸ்ப்ரே பெயிண்டால் வட்டமிட்டு, ஓரக்கல்லிலும் அம்புக்குறி போடுங்கள். பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் மெஷினின் பற்கள் இரும்பு மூடியில் பட்டால் துண்டுகள் தெறிக்கும்.

தரையையும் பாருங்கள். கோலாலம்பூரின் பல பகுதிகள் சுண்ணாம்புப் பாறையின் மேலும் பழைய வெள்ளீயச் சுரங்க நிலத்தின் மேலும் நிற்கின்றன. அடியில் பழைய குழாய்கள் ஓடுகின்றன. 2024 ஆகஸ்டில் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கி ஒரு பெண் அதில் விழுந்து காணாமல் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஓரிடம் மட்டும் குழிந்திருக்கிறது, திரும்பத் திரும்பத் தார் ஒட்டியும் இறங்குகிறது, மழை இல்லாத நாளிலும் ஈரம் கசிகிறது என்றால், பத்து டன் ரோலரை அதன்மேல் ஏற்றுவதற்கு முன் பொறியாளரை வரவழையுங்கள்.

தடத்தை மூடுவது

வேலையின் மிக ஆபத்தான நேரம் தார் போடும் நேரம் அல்ல. முதல் கோனை (கூம்பு வடிவத் தடுப்பை) வைக்கும் நேரமும் கடைசிக் கோனை எடுக்கும் நேரமும்தான். அப்போது சாலை பாதி மூடியும் பாதி திறந்தும் இருக்கும். ஓட்டுநருக்கு எதுவும் புரியாது, ஆளுக்கு முன்னால் தடுப்பும் இருக்காது.

முதலில் எச்சரிக்கைப் பலகைகள். ஆரஞ்சு நிறப் பலகைகளை வேலையிடத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ளதிலிருந்து தொடங்கி, வண்டிகள் ஓடும் திசையிலேயே ஒவ்வொன்றாக வைத்து வாருங்கள். இரண்டு தடச் சாலையென்றால் இரண்டு பக்கமும் வேண்டும். வலத்தடத்தில் ஓட்டுபவருக்கு இடது பலகையை பஸ் மறைத்துவிடும். மரக்கிளை, நின்றிருக்கும் கார், பழைய விளம்பரம் எதுவும் பலகையை மறைக்கிறதா என்று வண்டியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

அடுத்து அம்பு விளக்கு பொருத்திய லோரி. பின்புறம் மோதல் தாங்கி பொருத்தியதாக இருந்தால் மிக நல்லது. விரைவுச் சாலையில் அது இல்லாமல் வேலை தொடங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்த லோரி மறைப்பாக நிற்க, அதற்கு முன்னால்தான் ஆட்கள் கோன் வைக்க வேண்டும்.

பிறகு சரிவுக் கோடு, அதாவது வண்டிகளைப் பக்கத்துத் தடத்துக்கு ஒதுக்கும் சாய்வான கோன் வரிசை. பரவலாகப் பயன்படும் கணக்கு இது: 60 கிலோமீட்டர் அல்லது அதற்குக் குறைவான வேகத்துக்கு, தடத்தின் அகலத்தை மீட்டரில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 155ஆல் வகுக்க வேண்டும். 3.5 மீட்டர் தடம், 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஏறக்குறைய 81 மீட்டர் வரும். 70 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் அகலத்தை வேகத்தால் பெருக்கி 1.6ஆல் வகுக்க வேண்டும். அதே தடத்துக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 175 மீட்டர். அங்கீகரித்த திட்டத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே செல்லும். கணக்கில் போடும் வேகம் வண்டிகள் உண்மையில் ஓடும் வேகமாக இருக்கட்டும். இரவு 1 மணிக்குப் பலகை சொல்லும் வேகத்தை யாரும் மதிப்பதில்லை.

சரிவில் கோன்களுக்கு இடையிலான தூரம் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 60க்கு 12 மீட்டர். ஆனால் நம் ஊரில் அது போதாது. கப்சாய் எனும் சிறு மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் 12 மீட்டர் இடைவெளியைத் திறந்த கதவாகத்தான் பார்ப்பார். பாதியாக்கி 6 மீட்டருக்கு ஒன்று வையுங்கள். 81 மீட்டருக்குப் பதினைந்து கோன் ஆகும். கோன் உயரம் 700 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டைகளோடு இருக்கட்டும். சகதி படிந்த பட்டை இரவில் இல்லாததற்குச் சமம். ஒவ்வொரு இரவும் ஈரத்துணியால் துடைத்த பிறகே லோரியில் ஏற்றுங்கள்.

சரிவு முடிந்த இடத்துக்கும் முதல் ஆளுக்கும் நடுவில் வெற்றிடம் வேண்டும். 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கவனித்து, மிதித்து, நிற்பதற்கு ஏறக்குறைய 85 மீட்டர் ஆகும். அந்த இடத்தில் எதையும் வைக்காதீர்கள். ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, ஆட்களின் மோட்டார் சைக்கிள், உட்கார்ந்து சாப்பிடும் ஆள் எதுவும் கூடாது. இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கேதான் எல்லாரும் பொருளை இறக்குவார்கள். மோதல் தாங்கி லோரிக்கு முன்னாலும் குறைந்தது 30 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், மோதினால் அது முன்னே தள்ளப்படும். லோரி நின்றபின் ஓட்டுநர் கேபினில் தூங்கக்கூடாது; இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும்.

கொடி காட்டுபவர் சரிவுக்கு நடுவில் நிற்கவே கூடாது. சாலையோரத்தில், வண்டிகளைப் பார்த்தபடி, பின்னால் ஓடித் தப்ப இடம் உள்ள இடத்தில் நிற்கட்டும். கையில் ஒளிரும் கோல், உடலில் ஒளியைப் பிரதிபலிக்கும் வெஸ்ட், வாயில் விசில். காதில் இயர்போன் மாட்டியவரை அன்றைக்கு அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், அதற்கு மேல் கவனம் நிற்காது.

எடுக்கும்போது தலைகீழ் வரிசை. வேலையிடத்தின் கடைசியிலிருந்து கோன்களை எடுத்தபடி, மூடிய தடத்துக்குள்ளேயே சரிவை நோக்கிப் பின்னால் வாருங்கள். சரிவுக் கோன்கள் கடைசியில், எச்சரிக்கைப் பலகைகள் அதற்கும் பிறகு. விடிகாலை 4.30க்கு எல்லாரும் களைத்திருக்க, பலகைகளை முதலில் சுருட்டிவிடும் அவசரம் வரும். அந்த அவசரத்தில்தான் ஆள் போவான்.

பத்து நிமிடப் பேச்சு

வேலை தொடங்கும் முன் எல்லாரையும் வட்டமாக நிறுத்துங்கள். தாளைப் படித்துக் கையெழுத்து வாங்குவது பேச்சு அல்ல. ஒவ்வொருவரையும் கையால் காட்டச் சொல்லுங்கள்: வண்டி எந்தப் பக்கமிருந்து வரும், ஓட வேண்டியது எந்தப் பக்கம், முதலுதவிப் பெட்டி எங்கே. தமிழ், மலாய், வங்காளம் எதுவாக இருந்தாலும் கை காட்டுவதில் தெரிந்துவிடும். தப்பியோடும் பக்கம் எப்போதும் நடைபாதை அல்லது தடுப்புப் பக்கம். ஓடும் தடத்தைக் குறுக்கே கடக்கவே கூடாது. மூன்று நீண்ட விசில் அல்லது லோரியின் தொடர் ஹார்ன் கேட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

உள்ளே ஓடும் இயந்திரங்கள்

கோனுக்கு உள்ளே வந்துவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு. பிரிமிக்ஸ் லோரி, கலவையைப் பரப்பும் இயந்திரமான பேவரை நோக்கிப் பின்னால்தான் வரும், ரோலர் முன்னும் பின்னும் ஓயாமல் போகும். இரண்டுக்கும் பின்புறம் ஓட்டுநருக்குத் தெரியாத பகுதி பெரியது. ரிவர்ஸ் மணி ஒலிக்கிறதே என்று நம்பாதீர்கள். மூன்று இயந்திரம் ஒன்றாக ஒலிக்கும்போது எது நெருங்குகிறது என்று காது பிரிக்காது.

லோரியைப் பின்னால் அழைக்க ஒரே ஆள். அவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாமல் போன நொடியே ஓட்டுநர் நிறுத்த வேண்டும். லோரிக்கும் பேவருக்கும் நடுவில் யாரும் நுழையக்கூடாது, சிந்திய கலவையை அள்ளுவதற்குக்கூட. தொட்டி எழும்பும்போது பக்கவாட்டில் ஆள் நிற்கக்கூடாது. சாய்வான தரையில் டிப்பர் பக்கமாகக் கவிழும். தொட்டி மின்கம்பியைத் தொட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினிலேயே இருக்கட்டும், மற்றவர்கள் குறைந்தது 10 மீட்டர் விலகி நிற்கட்டும், மின்சார நிறுவனமான டி.என்.பி. மின்சாரத்தை நிறுத்திய பிறகே இறங்குவது. கேபினில் தீப்பிடித்தால் மட்டும், லோரியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைப் பிரிக்காமல் சிறு சிறு தாவலாக விலக வேண்டும்.

சூடான தார்

பிரிமிக்ஸ் சாலைக்கு வரும்போது 130 முதல் 160 பாகை செல்சியஸ் வரை இருக்கும். சுடுதண்ணீர் தோலில் பட்டு வழிந்துவிடும். தார் ஒட்டிக்கொண்டு உள்ளே எரித்துக்கொண்டே இருக்கும். உடையிலிருந்து தொடங்குங்கள்: பருத்தியில் முழுக்கை, முழுக்கால்சட்டை, கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகினால் கலவை பூட்ஸுக்குள் போய்விடும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். வெஸ்ட் பாலியெஸ்டராக இருந்தாலும் அடியில் பருத்தி இருக்கட்டும். பூட்ஸ் அடிப்பாகம் வெப்பம் தாங்கும் வகையா என்று முத்திரையைப் பாருங்கள், எச்.ஆர்.ஓ. என்று அச்சிட்டிருக்கும். சாதாரண ரப்பர் பூட்ஸ் இந்த வேலைக்கு ஆகாது.

டேக் கோட் (புதிய கலவை ஒட்டுவதற்காகத் தெளிக்கும் தார்க் குழம்பு) தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்து கறுப்பாகும் வரை அதன்மேல் நடப்பவர் வழுக்கி விழுவார். தெளிப்பவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், முகமூடிக் கண்ணாடி கட்டாயம். சூடான தார்த் தொட்டிக்குள் தண்ணீர் போகக்கூடாது. சில கரண்டித் தண்ணீர்கூட நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகி, தாரைப் பொங்க வைத்து வெளியே வீசும். மழையில் திறந்து கிடந்த தொட்டியைச் சூடேற்றும் முன் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

தார் தோலில் பட்டால் செய்ய வேண்டியது: உடனே ஓடும் குளிர்ந்த நீரில் குறைந்தது 20 நிமிடம். ஆகவே வேலையிடத்தில் குடிதண்ணீர் தவிர குறைந்தது 200 லிட்டர் சுத்தமான தண்ணீர் தனியாக இருக்க வேண்டும். ஒரு சிறு பாட்டில் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒட்டிய தாரைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். டீசல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் ஊற்றாதீர்கள். விரலையோ மணிக்கட்டையோ தார் வளையமாகச் சுற்றியிருந்தால், ஆறும்போது அது சுருங்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். மருத்துவமனைக்கு உடனே தெரியப்படுத்துங்கள், அதை அவர்கள் பிளந்துவிட வேண்டியிருக்கும். கண்ணில் பட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கொண்டுபோங்கள்.

கைக்கறையை டீசலில் கழுவும் பழக்கம் தலைமுறையாக இருக்கிறது. அது தோலின் எண்ணெயை உறிஞ்சி வெடிப்பும் அரிப்பும் தரும். வெடித்த தோல் வழியே மற்றவையும் உள்ளே போகும். சமையல் எண்ணெய் தடவி, ஊறவிட்டு, சோப்பு போட்டாலே போதும். தார்ப் புகையைப் பொறுத்தவரை, சாலைத் தார் போடும்போது வரும் புகையைப் புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்ற பிரிவில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கலவை எவ்வளவு அதிகச் சூடோ அவ்வளவு அதிகப் புகை. ஆகவே தேவைக்கு மேல் சூடேறிய லோரியை ஏற்காதீர்கள்.

இரைச்சல், தூசி

2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைப்படி எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபெலைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரு மணி. கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதடைப்பான் தேவை. ஆனால் கொடி காட்டுபவரும் லோரியை அழைப்பவரும் கனமான காதடைப்பான் போட்டால் ஹார்ன் கேட்காது. அவர்களை இயந்திரத்திலிருந்து தள்ளி நிறுத்துவதே வழி. ஓரக்கல்லை வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டுங்கள். உலர்ந்து வெட்டும்போது எழும் வெண்தூசியில் சிலிக்கா இருக்கிறது; நுரையீரலில் அது செய்யும் கேடு திரும்பாது.

வெக்கை, மழை, இடி

இரவு வேலையிலும் வெக்கை உண்டு, காலடியில் 150 பாகைக் கலவை கிடக்கிறதே. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை, ஏறக்குறைய 250 மில்லி தண்ணீர். தாகம் வரும் வரை காத்திருக்கக்கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேலும் வேண்டாம். தே தாரிக் எனும் பால் தேநீர் தண்ணீருக்கு ஈடாகாது. நீரிழிவு உள்ளவர்கள் நம்மில் நிறையப்பேர். இனிப்பு பானம் மட்டும் வாங்கி வைக்காதீர்கள். புதிதாக வந்த ஆளுக்கு முதல் நாள் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் கொடுத்து, நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டுங்கள். ஊரிலிருந்து நேற்று இறங்கியவரை இன்றே பேவருக்குப் பின்னால் முழு இரவும் நிறுத்துவது கொடுமை.

ஆள் உளறினால், தள்ளாடினால், பேர் கேட்டும் பதில் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. முதலில் உடலைக் குளிர்வியுங்கள்: உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, அக்குளிலும் கழுத்திலும் ஐஸ். அதே நேரத்தில் இன்னொருவர் 999 அழைக்கட்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குள் இருந்தால் இயந்திரத்தை நிறுத்தி, ஆட்களை மூடிய வண்டிக்குள் ஏற்றுங்கள். கடைசி இடிச்சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். மழையில் சுரண்டிய குழி நீரால் நிரம்பி, அதன் விளிம்பில் உள்ள 50 மில்லிமீட்டர் படி மறைந்துவிடும். வேலை முடியாமல் திறக்க நேர்ந்தால், அந்தப் படியைச் சாய்வாகக் கலவை போட்டு நிரப்பாமல் திறக்கவே கூடாது. மோட்டார் சைக்கிளோட்டி அதில் விழுந்தால் பின்னால் வரும் கார் ஏறும்.

தோண்ட வேண்டி வந்தால்

இயந்திரத்தை இறக்கும் முன் மின்கம்பி, எரிவாயு, தண்ணீர்க் குழாய் வரைபடங்களை வாங்கி, கையால் சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். 1.5 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் முட்டுக்கொடுக்காமல் யாரும் இறங்கக்கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். மார்பு வரை மூடினாலே மூச்சு நின்றுவிடும். அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு அப்பால் கொட்டுங்கள். மேன்ஹோலுக்குள் இறங்குவது தனி வேலை: பயிற்சிச் சான்று பெற்றவர்கள் மட்டும், வாயுவை அளந்த பிறகு மட்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னால் குதிப்பவரும் மயங்குவார். மேலிருந்தே கயிற்றால் தூக்கும் ஏற்பாடு இல்லையென்றால் யாரையும் இறக்காதீர்கள்.

களைப்பு

வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம். ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரம் வரை. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் 30 நிமிட ஓய்வு. பகலில் வேறொரு இடத்தில் வேலை செய்துவிட்டு இரவில் இங்கே வருபவரைக் கண்டால் அன்றைக்கு இயந்திரம் கொடுக்காதீர்கள். விடிகாலையில் ஆட்களை அவரவர் மோட்டார் சைக்கிளில் அனுப்புவதைவிட ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் போக்குவரத்தை நிறுத்துங்கள், பிறகு அடிபட்டவரிடம் போங்கள். 999 அழைப்பவர் சாலைப் பெயர், திசை, அருகிலுள்ள அடையாளம் மூன்றையும் சொல்ல வேண்டும். இவற்றை முன்கூட்டியே ஓர் அட்டையில் எழுதி முதலுதவிப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். ஆம்புலன்ஸ் எந்தக் கோனைத் தள்ளி உள்ளே வருவது என்று காட்ட ஒருவரை அனுப்புங்கள். உயிர் காக்கத் தேவையானதைத் தவிர இடத்தைக் கலைக்காதீர்கள். கோன்கள் எப்படி இருந்தன என்று எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்துவையுங்கள்.

மரணமோ கடுமையான காயமோ ஏற்பட்டால் ஜே.கே.கே.பி. (தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அலுவலகத்துக்கு உடனே தெரிவித்து, 7 நாளுக்குள் எழுத்து அறிக்கை கொடுக்க வேண்டும். காயத்தால் நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வரமுடியாமல் போனாலும் அறிக்கை உண்டு. பெர்கேசோவுக்கு முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். முதலாளி தாமதித்தால் தொழிலாளியோ குடும்பமோ நேரே பெர்கேசோ அலுவலகத்துக்குப் போகலாம். மருத்துவச் சான்று, சம்பளச் சீட்டு, வேலை நேரப் பதிவு, உடன் வேலை செய்த இருவரின் பெயர் ஆகியவற்றின் நகலை அடிபட்டவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "கீழே விழுந்துவிட்டேன், வீட்டில்" என்று மருத்துவமனையில் சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். முதல் பதிவில் வேலையிடம் என்று எழுதப்படாவிட்டால் பிறகு நிரூபிப்பது மிகக் கடினம்.